காப்பு நூலில் போட்ட பழி

என் இடது கை நடுவிரலுக்கு இப்போது நுனி இல்லை. சுட்டுவிரல் முழுதாக இருக்கிறது. ஆனால் சொல்வழி கேட்காது, நீட்டினபடியே நிற்கும். கதைக்கும்போது கையை அசைத்தால் யாரையோ குற்றம் சாட்டுவது போல இருக்கிறது என்று என் மனைவியின் தங்கை சுமதி பகிடி பண்ணுவாள். அவள் விளையாட்டாகத்தான் சொல்கிறாள். எனக்கோ ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கிப் போகிறது.

வாழ்நாள் முழுக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவன் நான். பேனையைத் தவிர வேறொன்றும் பிடித்துப் பழகாத கை. ஓய்வு பெற்ற பிறகுதான் மரவேலை ஆசை பிடித்தது. தொலைபேசியில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, யாழ்ப்பாணம் அரியாலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருந்த தகரக் கொட்டிலை ஒரு பட்டறையாக மாற்றினேன். ஒரு மேசை, துளை போடும் மெசின், சீவுளி, சுவரில் வரிசையாக உளிகள். பவானிக்கு, அதுதான் என் மனைவிக்கு, ஆரம்பத்தில் சந்தோஷம். மனுசன் சந்தியில் நின்று அரசியல் பேசாமல் வீட்டோடு இருக்கிறாரே என்று.

பிரான்சில் இருக்கும் அவளுடைய தம்பி குகன் போன தடவை வந்தபோது ஒரு கிரைண்டர் கொண்டுவந்து தந்தான். கையில் பிடித்து இரும்பு வெட்டுகிற, தேய்க்கிற மெசின். பெட்டிக்குள் அரைவட்டமாக ஒரு தகட்டு மூடியும் இருந்தது. சுற்றுகிற தட்டுக்கும் நம் உடம்புக்கும் நடுவே நிற்பது அதுதான், 'கார்ட்' என்பார்கள். பக்கவாட்டில் பூட்டுகிற இரண்டாவது கைப்பிடியும் இருந்தது. பிள்ளைக்கும் விளங்கும்படி படம் போட்ட சின்னப் புத்தகம் ஒன்றும் இருந்தது. நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தேன். படித்தவன் அல்லவா, படம் பார்த்துப் பழக வேண்டுமா என்ற எண்ணம்.

குசினிக்குள் இருந்து மரக்கறி வெட்டப் பவானிக்கு குட்டையான ஒரு வாங்கு, சின்னப் பலகை இருக்கை, செய்ய நினைத்தேன். அவளுக்கு முழங்கால் நோ, நிலத்தில் குந்தியிருக்க ஏலாது. பலகை தடிப்பு. கிரைண்டரோடு வந்த தட்டு அதற்குக் காணாது. கடையில் போய் மரம் வெட்டுகிற பல்லு வைத்த பெரிய தட்டு ஒன்று வாங்கினேன். அது மூடிக்குள் அடங்கவில்லை. அடங்காதபோதே இந்த மெசினுக்கு உரிய தட்டு இதுவல்ல என்று விளங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மூடியைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். பக்கக் கைப்பிடியையும் கழற்றினேன், இடது கையால் பலகையைப் பிடிக்க வேண்டுமே.

பவானி அதைக் கவனித்தாள். வாசலில் நின்று, "உதுக்கு ஒரு மூடி வந்ததல்லோ, அதைப் போட்டிட்டு வெட்டுங்கோ" என்றாள். போடுகிறேன் என்றேன். அவள் திரும்பியதும், பெண்களுக்கு எல்லாவற்றிலும் பயம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கார்த்திகை மழை. தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் மெசின் சத்தம் பாதிதான் கேட்டது. பலகையை இறுக்கிப் பூட்டி வைக்க இடுக்கி இருந்தது. அதை எடுக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பல்தான், முழங்காலால் அழுத்தி இடது கையால் பிடித்தேன். சுவிச்சை அழுத்திக்கொண்டிருந்தால் விரல் நோகும் என்று, அதைத் தானாக ஓட விடுகிற பூட்டையும் தள்ளிவிட்டேன். பாதிக்கு மேல் வெட்டியபோது பலகை வளைந்து தட்டைக் கவ்விப் பிடித்தது. அப்படிக் கவ்வினால் மெசின் பிடித்திருக்கிறவன் பக்கம் துள்ளும். மூடி இருந்திருந்தால் அது மூடியில் போயிருக்கும். மூடி அலுமாரிக்கு மேலே இருந்தது.

முதலில் நோகவில்லை. பலகை சிவந்திருந்ததைத்தான் கண்டேன். மெசின் நிலத்தில் கிடந்து ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் மாறியதைக் கேட்டு ஓடிவந்த பவானி, என்னைப் பார்க்க முன்னம் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. தோய்த்து மடித்து வைத்திருந்த சீலைத் துண்டால் கையைச் சுற்றி, உயர்த்திப் பிடித்தபடி, பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் ஏற்றினாள். வழி முழுக்க என் கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்தாள். அவள் நெற்றியில் சொட்டியது மழைத் தண்ணி அல்ல.

இனித்தான் நான் வெட்கப்படுகிற இடம் வருகிறது.

பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டொக்டர் சீலையை அவிழ்த்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். சுட்டுவிரல் மடங்கவில்லை. விரலை இழுத்து மடக்குகிற கயிறு போன்ற தசைநார் அறுந்துவிட்டது என்றார். பிறகு என்ன மெசின், கார்ட் போட்டிருந்ததா என்று கேட்டார். பவானி என் தோளைப் பிடித்தபடி நின்றாள். வாசலில் நின்று அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. போடுகிறேன் என்று நான் சொன்னதும் நினைவு வந்தது.

"இருந்தது டொக்டர். கையிலை கிடக்கிற இந்த நூல்தான் சுவிச்சிலை சிக்கிப்போச்சு. விட ஏலாமல் போச்சு" என்றேன்.

வலது மணிக்கட்டில் கேதாரகௌரி காப்பு இருந்தது. ஐப்பசியில் இருபத்தொரு நாள் விரதம் இருந்து, தீபாவளியை ஒட்டிவரும் அமாவாசை அன்று கோவிலில் கட்டுகிற நூல். அடுத்த வருசம்வரை கழற்றுவதில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பி வைக்கிற அம்மாக்கள் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எத்தனையோ பேர். எங்கள் வீட்டில் விரதம் பவானியுடையது. நான் கடைசி நாள் மட்டும் பசி கிடந்து, ஐயரிடம் கையை நீட்டுகிறவன்.

இடது கை காயம் என்பதால் சேலைன் ஏற்ற வலது கைதான் இருந்தது. தாதி கத்தரிக்கோலால் காப்பை வெட்டிக் குப்பை வாளிப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பவானி எட்டி வாங்கி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தை அப்போது பார்த்தேன். என் கையைப் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை.

ஏற்பு ஊசி போட்டார்கள். துருப்பிடித்ததோ அழுக்கானதோ வெட்டினால் உடம்பை வில்லாய் வளைத்து இழுக்கிற நோய் வரலாம், அதற்குக் காப்பான ஊசி. எக்ஸ்ரேயில் நடுவிரல் நுனி எலும்பு தூளாகியிருந்தது. அன்றே ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். என்னை முழுதாக மயக்கவில்லை. அக்குள் பக்கமாக ஊசி போட்டுக் கையை மட்டும் விறைக்க வைத்தார்கள். பச்சைத் துணிக்கு அப்பால் என் கை கிடந்தது, யாருக்கோ தைப்பது போலத் தைத்தார்கள். ஒருவர் மத்தியானச் சாப்பாடு பற்றிக் கதைத்தது கேட்டது. நடுவிரல் நுனியைக் காப்பாற்ற முடியாது ஐயா என்று அந்த இளம் டொக்டர் குனிந்து சொன்னபோது, சரி பிள்ளை என்றேன். விரலைப் பற்றி அப்போது அழவில்லை. பொய்யை நாளைக்கு மாற்றிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு மாற்ற முடியவில்லை. அதற்குள் அது ஊருக்குப் போய்விட்டது.

பக்கத்துக் கட்டிலில் கொடிகாமத்து மரக்கறி வியாபாரி ஒருவர். லொறியில் இருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தவர். வாய் முறியவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார், காப்புக் கதையைச் சொன்னேன். அவர் அதைத் தன்னைப் பார்க்க வந்த எல்லோருக்கும் சொன்னார். வீட்டில் இருக்கிற தன் மனிசிக்குப் போன் எடுத்து, மெசினில் தேங்காய் திருவும்போது காப்பைத் தள்ளிவிடு என்று கட்டளை போட்டார். என்னைப் பார்க்க வந்தவர்களும் தலையாட்டினார்கள். காப்பே கையை வெட்டுவதென்றால் விரதத்தில் ஏதோ குறை இருக்க வேணும் என்று எங்கள் ஒழுங்கை அம்மா ஒருவர் மெல்லச் சொன்னார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் பவானி பிளாஸ்கை மூடிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்த பிறகும் அவள் போகவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து என் போர்வையை இழுத்துச் சரி செய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரி செய்தாள்.

"நான் உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும்" என்றாள். "இந்த முறை விரதத்திலை ஒருநாள் மத்தியானம் எனக்குத் தலை சுத்தினது. சீனி இறங்கிப்போச்செண்டு நினைச்சு குசினிக்குள்ளை நிண்டு ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சாப்பிட்டிட்டுத்தான் உங்கடை கைக்கும் காப்பு வாங்கினனான்."

அவளுக்கு நீரிழிவு இருக்கிறது. குளிசை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி சட்டென்று விழும். அந்த இரண்டு பிஸ்கட் அவள் செய்த மிகப் புத்தியான காரியம். அதையாவது நான் சொல்லியிருக்கலாம். கார்ட் அலுமாரிக்கு மேலே கிடக்குது பவானி என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்டுமில்லை, நீர் போய்ப் படும்" என்றேன். பெருந்தன்மையாக மன்னித்த புருசன் மாதிரி. இதை எழுதும்போது கை கூசுகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. கட்டுப் பிரித்தபோது ஒரு மணம், பழைய பூச்சாடித் தண்ணி மாதிரி. மரத்தூளும் தட்டின் அழுக்கும் உள்ளே தங்கிக் காயத்தில் கிருமி தொற்றிவிட்டது. சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று பார்ப்பதற்கு. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த தசையை வெட்டிச் சுத்தம் செய்ய வேணும், நல்ல தசை கண்டால் விரல் தப்பும், இல்லாவிட்டால் சுட்டுவிரலையும் எடுக்க வேண்டி வரலாம் என்று பெரிய டொக்டர் சொன்னார். ஒப்பமிட்டுக் கொடுத்தேன். பயந்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டது பவானியின் கைதான். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து என் வாயில் தீத்திவிட்டாள். சவரம் செய்துவிட்டாள். கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியத்துக்குச் செலவில்லை. வெளியே வாங்கச் சொன்ன மருந்துக்கு மட்டும் தன் தங்கக் காப்பில் ஒன்றை அடகு வைத்திருக்கிறாள். அதுவும் பிறகுதான் தெரிந்தது. நீர் சாப்பிட்டனீரோ என்று கேட்டால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பாள். அவளுடைய சட்டை தோளில் தொளதொளத்ததைக் கண்டேன். கண்டும், எனக்காகக் கவலைப்படுகிறாள் என்று எண்ணி உள்ளூரச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் தடவை தியேட்டரால் வெளியே வந்தபோது விரல் தப்பிவிட்டது என்றார்கள். வாசல் கதிரையில் பவானி இல்லை. சுமதிதான் நின்றாள்.

"அக்கா மயங்கி விழுந்திட்டா, அத்தான். சீனி நல்லா இறங்கிப்போச்சாம். பெண்கள் வாட்டிலை விட்டிருக்கினம்" என்றாள். பிறகு, சொல்லலாமா விடலாமா என்று யோசித்துச் சொன்னாள். "உங்களுக்கு வெட்டினதிலையிருந்து அவ ஒருநேரச் சாப்பாடு. பொழுதுபட்டாப் பிறகுதான். குறை வைச்ச விரதத்தை நிவர்த்தி செய்யிறாவாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

என் இடது கை இன்னும் விறைத்துத்தான் கிடந்தது. மற்ற உடம்பும் அப்படியே ஆகிவிட்டது. சீனி இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால், விழுந்தது ஆஸ்பத்திரிக்குள் இல்லாமல் பஸ் தரிப்பிடத்தில் ஆகியிருந்தால், அவள் இல்லை. நான் ஒரு தகட்டு மூடியைக் கழற்றியதற்கு அவள் செத்திருப்பாள், செத்த பிறகும் ஊர் அவளைத்தான் குறை சொல்லியிருக்கும். தாதியிடம் கெஞ்சிக் கேட்டேன். தள்ளுவண்டிக் கதிரையில் வைத்துக் கூட்டிப்போனார்கள்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் முதலில் விரல் பற்றித்தான் கேட்டாள். தப்பிவிட்டது என்றேன். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். யாருக்கு நன்றி சொல்கிறாள் என்று தெரிந்தது. அதற்கு மேலும் என்னால் பொறுக்க ஏலாமல் போயிற்று.

"பவானி, நூல் சிக்கேல்லை" என்றேன். "நான் கார்ட் போடேல்லை. பெரிய தட்டுப் போட வேணுமெண்டு கழட்டிப்போட்டன். சுவிச்சையும் நான்தான் பூட்டி விட்டனான். நீர் சொன்னதைக் கேக்காமல் விட்டனெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் நூலிலை போட்டன்."

அவள் கண்ணைத் திறந்து மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன்.

"கார்ட் எங்கை கிடக்கு?"

"அலுமாரிக்கு மேலை."

"நான் பிஸ்கட் கதை சொல்லேக்கையும் உங்களுக்கு உது தெரியும்."

"ஓம்."

"மெசினைப் பிழையாப் பிடிச்சது பரவாயில்லை. ஆருக்கும் நடக்கும்" என்றாள். குரல் உயரவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் அம்மனிட்டை அழுது மன்னிப்புக் கேட்டனான். நீங்கள் பக்கத்திலை படுத்திருந்து பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். அதை என்னெண்டு மறக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். தாதி வந்து, நோயாளி ஓய்வெடுக்க வேணும் ஐயா, போங்கோ என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கிளினிக், கட்டு மாற்றல், விரலை மடக்கப் பழக்குகிற பயிற்சி என்று நாட்கள் போயின. பவானி எதிலும் குறை வைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள். அவளும் மூன்று நேரமும் சாப்பிட்டாள், அதில் எனக்கு நிம்மதி. ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. யாராவது பார்க்க வந்தால் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு முன்பெல்லாம் உள்ளே போய்விடுவாள். இப்போது தட்டோடு நின்றாள். என்ன நடந்தது என்று வந்தவர்கள் கேட்பார்கள். அவள் என்னைப் பார்ப்பாள். நான் மூடியைக் கழற்றினேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே போவாள். எங்கள் ஒழுங்கை அம்மா வந்தபோது நான் கேட்காமலே சொன்னேன். அந்த அம்மா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் பவானியைத் தேடிக் குசினிக்குப் போனார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது.

இப்போது பட்டறைக்கு மறுபடியும் போகிறேன். தட்டு மாற்ற முன்னம் பிளக்கைக் கழற்றுகிறேன். பலகையை இடுக்கியில் பூட்டுகிறேன். இரும்புக்கு வந்த மெசினால் மரம் வெட்டுவதில்லை, அதற்குக் கைவாள் இருக்கிறது. கையில், கழுத்தில், இடுப்பில் தொங்குகிற ஒன்றையும் வைத்துக்கொள்வதில்லை. நூல் மெசினில் சிக்கக் கூடியதுதான், அது உண்மை. என் விசயத்தில் மட்டும் அது சிக்கவில்லை. இதெல்லாம் அந்தப் படம் போட்ட புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது.

குகனுக்கு மட்டும் சொல்லாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். மெசின் தந்தவன், மனம் நோவான் என்பது ஒரு சாட்டு. போன கிழமை அவன் வீடியோவில் வந்தான். என் கை சரியில்லை என்று பவானிதான் தொலைபேசியைப் பிடித்தாள், திரை முழுக்க என் முகம் தெரியும்படி. எப்படி அத்தான் நடந்தது, அக்கா ஒன்றும் விபரமாகச் சொல்கிறா இல்லை என்றான்.

சொன்னேன். மூடி, தட்டு, சுவிச்சு, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எல்லாவற்றையும். நல்ல பிள்ளை, பெரியவரை வெட்கப்படுத்த மனம் வராதவன்.

"அது காலம் சரியில்லை அத்தான். உங்களுக்கு ஏழரைச் சனி நடக்குதெண்டு அம்மாவும் சொன்னவ. நடக்க வேணுமெண்டு இருந்தால் கார்ட் இருந்தும் நடக்கும்" என்றான்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். பவானி தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, சனி ஒண்டும் செய்யேல்லை. அவர் சொன்னது உனக்கு வடிவாக் கேக்கேல்லைப் போல."

பிறகு மறுபடியும் என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றாள்.

முதலில் இருந்து சொன்னேன்.